லைன் போட்டாச்சு... பார்த்துக்கறது யாரு?



ஹாஸ்டல்ல வைஃபை படுத்துக்கிச்சுன்னா என்ன பண்ணுவோம்? முதல் அஞ்சு நிமிஷம் திட்டுவோம். அடுத்த அஞ்சு நிமிஷம், ரூம்ல இருக்கிற 'டெக்னிக்கல் எக்ஸ்பர்ட்' ஒருத்தன் ரூட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவான். அப்பவும் வரலையா? சிஸ்டம் லேப் அண்ணனுக்கு போன் போகும். அவரும் ஸ்க்ரூ டிரைவரோட வருவார், எதையோ பிடுங்கி எதையோ செருகுவார், 'இப்ப பாருங்கப்பா' என்பார். மேட்டர் ஓவர்!

இப்ப ஒரு கேள்வி. அந்த அண்ணன் முந்நூறு கிலோமீட்டர் தள்ளி இருந்தா? அல்லது அப்படி ஒரு அண்ணனே இல்லைன்னா?

கிராமத்துக்கு இன்டர்நெட் கொண்டுபோன கதைகள் எல்லாமே கடைசியில் இந்த இடத்தில்தான் வந்து நிற்கிறது. டவர், கேபிள், சாட்டிலைட் என்று நாம் செமஸ்டர் செமஸ்டராகப் படிக்கிறோம். ஆனால் லைன் போடுவது பாதி வேலைதான். போட்ட லைனை யார், எதற்காக, எத்தனை வருஷம் பார்த்துக்கொள்ளப் போகிறார்கள் என்பதுதான் மீதி. தனியொரு ஆளாலோ, தனியொரு கம்பெனியாலோ இது நடக்காது. அதனால்தான் இந்த முயற்சிகள் எல்லாமே கூட்டணிகளாக இருந்தன. சில கூட்டணிகள் நின்றன, சில கலைந்தன. ஏன்? இதைத் தெரிஞ்சுக்க வெளிநாடெல்லாம் போக வேண்டாம் பாஸ். வில்லியனூர், மேலூர், தேனி... நம்ம பஸ் ரூட்டிலேயே இருக்கு!

ஒரு சின்ன முன்னோட்டம். 2004ல் மத்திய அரசு முதன்முதலாக பிராட்பேண்ட் கொள்கை வெளியிட்டபோது, 256 கேபிபிஎஸ் வேகம் இருந்தாலே அது பிராட்பேண்ட். சிரிக்காதீங்க. 2023ல் தான் அந்த அளவை 2 எம்பிபிஎஸ் ஆக்கினார்கள். இப்ப சொல்லப் போகிற கதைகளில் முதல் இரண்டும் அந்த 256ஐக்கூட எட்டாத காலத்தில் ஆரம்பித்தவை.

கடலுக்குப் போலாமா, வேண்டாமா?

1998. புதுச்சேரி கிராமங்களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 'தகவல் கிராமம்' திட்டத்தைத் தொடங்கியது. கனடாவின் ஐ.டி.ஆர்.சி. நிதி கொடுத்தது. வில்லியனூர்தான் மையம். அங்கே தகவலைச் சேகரித்து, தமிழில் மாற்றி, சுற்றியிருந்த ஊர்களுக்கு அனுப்புவார்கள். எப்படி? வயர்லெஸ் ரேடியோ வழியாக. போன் லைனே சரியில்லாத ஊர்களில் வேறு என்ன செய்வது!

இதில் எனக்குப் பிடித்தது டெக்னாலஜி இல்லை, ஒப்பந்தம். இடம் ஊர்க்காரர்கள் தர வேண்டும். மையத்தை நடத்த வாலன்டியர்களும் ஊரிலிருந்தே வர வேண்டும். அவர்களில் பெரும்பாலானவர்கள் பெண்கள். ஜாதி பார்க்காமல் எல்லாரையும் உள்ளே விட வேண்டும். இதற்குச் சம்மதித்த ஊருக்குத்தான் கம்ப்யூட்டர்.

வீராம்பட்டினம் மீனவ கிராமம். அங்கே போய் 'இன்டர்நெட்ல என்ன வேணும்?' என்று கேட்டால் என்ன சொல்வார்கள்? இன்னிக்கு அலை எவ்வளவு உயரம், அது போதும்! அமெரிக்கக் கடற்படையின் வெப்சைட்டில் அலை உயரக் கணிப்பு இருந்தது. அதை எடுத்து, தமிழாக்கி, ஊருக்கு நடுவே ஸ்பீக்கரில் சொன்னார்கள். கடைசி மைல் ஃபைபரும் இல்லை, வைஃபையும் இல்லை... குழாய் ஸ்பீக்கர்! கம்ப்யூட்டரைத் தொட்டே பார்க்காத தாத்தாவும் அன்றைக்கு இன்டர்நெட் யூசர்தான்.

இதே திட்டத்தில் இருந்த இன்னொரு ஊர் நல்லவாடு. 2004 டிசம்பர் 26, சுனாமி அன்று, சிங்கப்பூரில் இருந்த ஊர்க்காரர் ஒருவர் செய்தியைக் கேட்டு வீட்டுக்கு போன் செய்தார். அந்த எச்சரிக்கையை மையத்தின் ஸ்பீக்கரில் சொன்னார்கள். ஜனங்கள் ஓடித் தப்பித்தார்கள். தினம் தினம் அலை உயரம் சொல்லிப் பழகிய ஸ்பீக்கர் என்பதால்தான் அன்றைக்கும் அது வேலை செய்யும் நிலையில் இருந்தது. எங்கே இருக்கிறது, எப்படிப் போடுவது என்பதும் ஊருக்கே தெரிந்திருந்தது. ஆபத்துக்கு என்று தனியாக வாங்கி பீரோவில் பூட்டி வைத்திருந்தால்? யோசிச்சுப் பாருங்க.

மேலூர் போட்ட கணக்கு

அடுத்த ஸ்டாப், மதுரை மாவட்டம் மேலூர். 2001 நவம்பர்.

சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா தலைமையில் இயங்கிய 'டெனெட்' குழு, 'கார்டெக்ட்' என்ற வயர்லெஸ் டெக்னாலஜியை உருவாக்கியிருந்தது. ஒரு டவர் வைத்தால் சுற்றிலும் 10 கிலோமீட்டர் வரை போனும் இன்டர்நெட்டும் ஒரே நேரத்தில் கிடைக்கும். போன் பேசிக்கொண்டே என்றால் 35 கேபிபிஎஸ், போனை வைத்துவிட்டால் 70. இன்றைக்கு அந்த ஸ்பீடில் ஒரு ரீல்ஸ் திறப்பதற்குள் ஒரு டீ ஆறிடும். ஆனால் மண்ணைத் தோண்டி காப்பர் ஒயர் இழுக்கத் தேவையில்லை என்பது அன்றைக்குப் பெரிய விஷயம்.

இதை ஊருக்குக் கொண்டுபோக 'என்-லாக்' என்ற கம்பெனி வந்தது. மூணு அடுக்கு. மேலே என்-லாக். நடுவில், பக்கத்து டவுனிலேயே ஆபீஸ் போட்டு டவரைப் பார்த்துக்கொள்ளும் லோக்கல் பார்ட்னர். கீழே, கிராமத்தில் கடனை உடனை வாங்கி சுமார் 50,000 ரூபாய் போட்டு கியோஸ்க் வைக்கும் இளைஞர் அல்லது பெண். கம்ப்யூட்டர், பிரின்டர், வெப்கேம், கரன்ட் போனால் பேட்டரி... ரெடி! மேலூர் வட்டாரத்தில் இதோடு எம்.ஐ.டி., ஹார்வர்டு பல்கலைக்கழகங்களும் கைகோத்தன. திட்டத்தின் பெயர் சுருக்கமாக 'சாரி'. (மன்னிப்பு கேட்கிற சாரி இல்லீங்க!) கியோஸ்க்குகளில் ஒரு பகுதியை 'தானம்' அறக்கட்டளை நடத்தியது.

வருமானச் சான்றிதழ், ஜாதிச் சான்றிதழ், பிறப்பு இறப்புச் சான்றிதழ், முதியோர் பென்ஷன் மனு... எல்லாவற்றுக்கும் தாலுகா ஆபீசுக்கு பஸ் ஏற வேண்டிய ஜனங்கள், ஊர் கியோஸ்க்கிலிருந்தே விண்ணப்பித்தார்கள். ஒரு நாள் கூலி மிச்சம், பஸ் காசு மிச்சம். சூப்பர்ல?

அப்புறம் என்ன ஆச்சு?

ராஜேந்திர குமார், மைக்கேல் பெஸ்ட் என்ற இரு ஆய்வாளர்கள் 2001 நவம்பரிலிருந்து 2005 மே வரை இந்த மையங்களைக் கவனித்து, 2008ல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். தலைப்பிலேயே 'தோல்வி' என்ற வார்த்தை இருக்கிறது. அந்த மூன்றரை வருஷத்துக்குள் பல கியோஸ்க்குகள் மூடப்பட்டுவிட்டன. முக்கியக் காரணம், வருமானம் செலவைத் தாண்டவில்லை. பிரச்னை வந்தபோது மேலிருந்து போதுமான உதவியும் வரவில்லை.

இன்னொரு காரணம் நம்ம ஊர் ஸ்பெஷல்: டிரான்ஸ்ஃபர்! ஆன்லைன் மனுக்களை ஆர்வமாக வாங்கிப் பைசல் செய்த அதிகாரிகள் மாற்றலாகிப் போனதும், அடுத்து வந்தவர்களுக்கு அந்த ஆர்வம் இல்லை. மனு போகும், பதில் வராது. பதில் வராத மனுவுக்கு யார் காசு கொடுப்பார்கள்? ஜனங்கள் மறுபடி பஸ் ஏறினார்கள். கூட்டணி ஆபீஸோடு இல்லை, ஒரு தனி ஆளோடு இருந்தது. அவர் போனார், கூட்டணியும் போச்சு.

ஆனால் அதே கட்டுரையில் நமக்கென்றே ஒரு பாயின்ட் இருக்கு. எந்த மையங்கள் அதிக காலம் தாக்குப்பிடித்தன தெரியுமா? ஏற்கெனவே கம்ப்யூட்டர் பயிற்சி பெற்றவர்கள் சொந்தமாக நடத்தியவையும், பயிற்சி பெற்ற ஆளைத் தனியாக வேலைக்கு வைத்தவையும். அதாவது, நம்ம 'சிஸ்டம் லேப் அண்ணன்' உள்ளூரில் இருந்த மையங்கள்!

தேனியில் ஒரு வைஃபை மேஜிக்

மூணாவது ஸ்டாப். ஈ.சி.இ., சி.எஸ்.இ. மக்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்க. மெக்கானிக்கல் மக்களும் போயிடாதீங்க, ஈஸியாத்தான் இருக்கும்.

அரவிந்த் கண் மருத்துவமனையை டாக்டர் ஜி.வெங்கடசாமி 1976ல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கினார் என்பது பலருக்கும் தெரியும். அவர்களுக்கு ஒரு தலைவலி. கண்ணில் கோளாறு இருக்கிற பாட்டி, கண் தெரியாததாலேயே ஆஸ்பத்திரிக்கு வருவதில்லை. கூட்டிப்போக ஆள் வேண்டும், அந்த ஆளுக்கும் ஒரு நாள் கூலி போகும். சரி, ஆஸ்பத்திரி ஊருக்குப் போகட்டும் என்று சிறிய 'விஷன் சென்டர்'கள் ஆரம்பித்தார்கள். அங்கே டாக்டர் இருக்க மாட்டார். பயிற்சி பெற்ற டெக்னீஷியன் கண்ணைப் பரிசோதித்துப் படம் எடுப்பார். தேனி ஆஸ்பத்திரியில் இருக்கும் டாக்டர் வீடியோவில் பாட்டியிடம் பேசுவார். கண்ணாடி போதுமா, ஆபரேஷன் வேண்டுமா என்பது அங்கேயே முடிவாகிவிடும்.

வீடியோவுக்கு நல்ல ஸ்பீடு வேண்டுமே! இங்கேதான் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் ப்ரூவர் தலைமையிலான 'டியர்' குழு உள்ளே வந்தது. அவர்கள் எடுத்த ஆயுதம், சாதா வைஃபை. நம் ரூமில் சுவருக்கு அந்தப் பக்கம் போனாலே மூச்சு வாங்குகிற அதே வைஃபை! ஆன்டெனாவை ஒரே திசையில் குவித்து, டவரில் ஏற்றி, 15 கிலோமீட்டர் வரை அனுப்பினார்கள். ஆண்டிபட்டி, போடி, சின்னமனூர், பெரியகுளம் என்று மையங்கள் தேனியோடு இணைந்தன.

சிக்னல் போய்ச் சேர்ந்தது. ஆனால் டேட்டா சொதப்பியது. ஏன்? வைஃபையின் பழக்கம் அப்படி. அட்டெண்டன்ஸ் எடுக்கிற வாத்தியாரை நினைச்சுக்கோங்க. பெயர் கூப்பிடுவார், 'பிரசன்ட் சார்' என்று உடனே சத்தம் வர வேண்டும். வரலைன்னா மறுபடி கூப்பிடுவார். ரூமுக்குள் இது ஓகே. 15 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற மாணவனின் 'பிரசன்ட் சார்' வந்து சேர, போக 50, வர 50 என்று 100 மைக்ரோ செகண்ட் ஆகும். அதற்குள் வாத்தியார் ஆப்சென்ட் போட்டுவிட்டு மறுபடி கூப்பிட ஆரம்பித்துவிடுகிறார்! இன்னொரு சிக்கல், வைஃபை 'வேற யாராவது பேசறாங்களா' என்று கேட்டுவிட்டுத்தான் பேசும். அவ்வளவு தூரத்தில் இருப்பவர் இப்போதுதான் பேச ஆரம்பித்தார் என்பது இங்கே தெரியாது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசி, இரண்டுமே வீண்.

தீர்வு? ஹாஸ்டல் பாத்ரூம் ஃபார்முலா! 6லிருந்து 6.15 வரை நீ, 6.15லிருந்து 6.30 வரை நான். டைம் டேபிள் போட்டுவிட்டால் சண்டையே இல்லை. ஒவ்வொரு பெயருக்கும் 'பிரசன்ட் சார்' கேட்காமல், மொத்தமாக ஒரு லிஸ்ட் வாங்கிக்கொள்வது. இப்படி மாற்றி எழுதிய சாஃப்ட்வேருக்கு 'வைல்டுநெட்' என்று பெயர் வைத்து 2007ல் கட்டுரை வெளியிட்டார்கள். நீண்ட தூர லிங்க்குகளில் சாதா வைஃபையைவிட 2லிருந்து 5 மடங்கு டேட்டா போனது. விலையோ கடையில் கிடைக்கிற வைஃபை கார்டு விலை.

இத்தோடு முடிந்திருந்தால் இது ஒரு நல்ல ஃபைனல் இயர் புராஜெக்ட். அவ்வளவுதான். அடுத்து நடந்ததுதான் பாடம்.

2008ல் அதே குழு இன்னொரு கட்டுரை எழுதியது. கிராமத்து வயர்லெஸ் நெட்வொர்க்கை உயிரோடு வைத்திருப்பது எப்படி என்பதுதான் விஷயம். அதில் ஹீரோ அல்காரிதம் இல்லை, கரன்ட்! திடீரென்று வோல்டேஜ் ஏறும், இறங்கும், போகும், வரும். போர்டு புகையும். மெமரி கார்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது கரன்ட் போனால் கார்டு கெட்டுப்போகும். சாஃப்ட்வேர் எழுதியவர் இருப்பது பெர்க்லியில், டவர் இருப்பது தேனியில். நெட் வேலை செய்யவில்லை என்றால், தப்பு ரூட்டரிலா, ஒயரிலா, ஆன்டெனா திரும்பிக்கிச்சா என்று அங்கே இருப்பவர்களுக்குத் தெரியாது.

அதனால் என்ன செய்தார்கள்? ஹேங் ஆனால் தானே ரீஸ்டார்ட் ஆகிற ஏற்பாடு. வோல்டேஜ் குறைந்தால் சப்ளையைத் துண்டிக்கிற சர்க்யூட். மெமரி கார்டைப் படிக்க மட்டும் முடிகிற மாதிரி மாற்றுவது. மெயின் லைன் படுத்தாலும் தூரத்திலிருந்து உள்ளே நுழைய இன்னொரு வழி. எல்லாவற்றுக்கும் மேலாக, உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்துப் பராமரிப்பை அவர்கள் கையில் ஒப்படைப்பது.

சரி, மேலூரில் கலைந்தது தேனியில் ஏன் நின்றது? என் பதில் இது. மேலூர் கியோஸ்க்காரர் இன்டர்நெட்டை விற்க வேண்டியிருந்தது. வாங்க ஆள் இல்லாத அன்று அவருக்கு வருமானம் இல்லை. தேனியில் யாரும் இன்டர்நெட்டை விற்கவில்லை. அங்கே விஷயம் கண் பரிசோதனை. லைன் படுத்தால் அடுத்த நிமிஷமே வரிசையில் உட்கார்ந்திருக்கும் பாட்டி 'என்னாச்சும்மா?' என்று கேட்பார். லைனைச் சரிபண்ண ஆஸ்பத்திரிக்கு ஆயிரம் காரணம் இருந்தது. இன்றைக்கு அரவிந்தின் விஷன் சென்டர்கள் நூறைத் தாண்டிவிட்டன. பெர்க்லிக்காரர்களும் ஒரு நிஜமான பிரச்னையைத் தீர்த்துக் கட்டுரை எழுதினார்கள். இரு தரப்புக்கும் லாபம். அதுதான் நிற்கிற கூட்டணி.

இப்ப நம்ம பஞ்சாயத்துக்கு வருவோம்

'அதெல்லாம் பழைய கதை, இப்பதான் எல்லார் கையிலயும் ஃபோர்ஜி, ஃபைவ்ஜி இருக்கே' என்கிறீர்களா? 2020 லாக்டவுனை மறந்துட்டீங்களா! ஆன்லைன் கிளாஸுக்காக மரத்திலும் தண்ணீர் டேங்கிலும் ஏறி சிக்னல் தேடிய பசங்க நம்ம செட்டுதான். மலை ஊர்களிலும் டவர் எட்டாத மூலைகளிலும் நிலையான லைனுக்கு இன்னும் தேவை இருக்கிறது. டவருக்கே கூட ஃபைபர் வேண்டும் என்பது தனிக் கதை.

2011ல் மத்திய அரசு நாடு முழுக்கச் சுமார் இரண்டரை லட்சம் கிராம பஞ்சாயத்துகளுக்கு ஃபைபர் இழுக்க ஒப்புதல் கொடுத்தது. பிறகு அதற்கு 'பாரத்நெட்' என்று பெயர் மாறியது. தமிழ்நாட்டில் 12,525 கிராம பஞ்சாயத்துகளை இணைக்கும் வேலை 'டான்ஃபிநெட்' என்ற மாநில அரசு நிறுவனத்திடம். கேபிளின் பெரும்பகுதி மின்கம்பங்கள் வழியாகவே போகிறது. இதுவும் கூட்டணிதான்: மத்திய அரசு, மாநில அரசு, மின் வாரியம், கான்ட்ராக்ட் எடுத்த கம்பெனிகள், பஞ்சாயத்து.

ஆனால் 'பஞ்சாயத்து ஆபீஸ் வரைக்கும் ஃபைபர் வந்தாச்சு' என்ற கணக்கும், 'அந்த லைன் தினமும் ஓடுது' என்ற கணக்கும் ஒன்றில்லை. பெட்டி இருக்கும், அந்த அறைக்குப் பூட்டு இருக்கும், சாவி யாரிடமோ இருக்கும். மேலூர் பாடம் இதுதானே?

2023 ஆகஸ்டில் பாரத்நெட்டை மாற்றியமைக்க மத்திய அமைச்சரவை 1,39,579 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது. அதில் இரண்டு விஷயம் கவனிக்கணும். ஒன்று, கேபிளை வளையமாக இழுப்பது. ஒரு பக்கம் அறுந்தால் இன்னொரு பக்கமாக டேட்டா சுற்றி வரும். இரண்டு, வீடுகளுக்கு இணைப்பு கொடுப்பதையும் பராமரிப்பையும் கிராமத்துத் தொழில்முனைவோரிடம் கொடுத்து, வருமானத்தைப் பங்கு போட்டுக்கொள்வது. அதாவது, லைன் ஓடினால்தான் அவருக்குச் சம்பளம். 2001ல் மேலூரில் இருந்த அதே கீழ் அடுக்கு மறுபடி வருகிறது. இந்த முறை அவர் தனியாக விடப்படக் கூடாது.

என்.எஸ்.எஸ். கேம்ப் போறீங்களா?

நம்மில் பாதிப் பேர் வருஷா வருஷம் 'ஸ்மார்ட் வில்லேஜ்' என்று புராஜெக்ட் போடுகிறோம். சென்சார் வைக்கிறோம், போட்டோ எடுக்கிறோம், ரிவ்யூ முடிந்ததும் சென்சாரைக் கழற்றி டிபார்ட்மென்டில் கொடுத்துவிடுகிறோம். அடுத்த முறை ஒரு ஊருக்கு எதையாவது கொண்டுபோகும் முன் நாலே நாலு கேள்விக்கு மட்டும் பதில் எழுதுங்க.

1. இந்த லைனை நம்பி ஊரில் யாருடைய வேலை நடக்கப்போகிறது? பதில் 'எல்லாருடைய வேலையும்' என்றால் தப்பு. ஒரு நர்ஸ், ஒரு டீச்சர், ஒரு பால் சொசைட்டி செயலாளர் என்று ஆள் சொல்லுங்க.

2. கெட்டுப்போனால் முதல் போன் யாருக்கு? அவர் எத்தனை கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறார்?

3. மூணாவது வருஷம் கரன்ட் பில்லும் பேட்டரி செலவும் யார் பாக்கெட்டிலிருந்து?

4. கூட்டாளிகளில் ஒருவர் மாற்றலாகிப் போனால், அடுத்து வருபவரைக் கட்டுப்படுத்துகிற காகிதம் ஏதாவது இருக்கிறதா?

நாலுக்கும் பதில் இருந்தால் தைரியமாக டவர் ஏறுங்க. இரண்டாவது கேள்விக்கு மட்டும் பதில் இல்லையா? அதுவே நல்ல புராஜெக்ட்! அந்த ஊரில் பிளஸ் டூ முடித்த, டிப்ளமோ படித்த அக்கா, அண்ணன் யாராவது இருப்பார்கள். ஃபைபர் எப்படி ஒட்டுவது, பவர் சப்ளை எப்படி டெஸ்ட் பண்ணுவது, தப்பு எங்கே என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று பத்து நாள் கேம்ப்பில் சொல்லிக் கொடுத்துவிட்டு வரலாம். தமிழில் இரண்டு பக்கத்துக்கு 'நெட் வரலையா? இதைப் பாருங்க' என்று ஒரு தாள் எழுதி பெட்டி பக்கத்தில் ஒட்டிவிட்டு வரலாம். ரிவ்யூவில் எத்தனை மார்க் கிடைக்கும் என்று கேட்காதீங்க. நாம பஸ் ஏறின பிறகும் அந்த ஊரில் லைட் பச்சையா எரியும்.

அடுத்த வாரம் வேற மேட்டரோட மீட் பண்ணுவோம். வர்ட்டா!